மேட் ஷூவை விட்டுவிட்டுப் போன வீரன்: ஒரு கபடிப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

## எதற்காக இதை எழுதுகிறேன்

காங்கேயம் வட்டாரத்தில் ஒரு கிராமக் கபடிக் குழுவுக்குப் பதினாறு வருடமாக நான் செயலாளர். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2022-இல் எங்கள் குழுவின் ரைடர் (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன்) ஒருவன் ஐரோப்பாவில் போட்டி என்று சொல்லிப் போனான். போட்டி முடிந்ததும் திரும்பாமல் இத்தாலியில் தங்கிவிட்டான். விசா முடிந்த பிறகும் மறைவாக வேலை செய்து, பதினான்கு மாதம் கழித்துக் கையில் பாஸ்போர்ட்கூட இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தான். அவனுடைய விசா விண்ணப்பத்தோடு போன கடிதங்களில் ஒன்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

அதனால் இதை வெளியே நின்று வேடிக்கை பார்த்தவனைப் போல என்னால் எழுத முடியாது. பையனும் அவன் பெற்றோரும் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெளியிடுகிறேன். ஆள், ஊர், கம்பெனிப் பெயர் எதுவும் இதில் இல்லை.

## பின்னணி

பையனுக்கு அப்போது 23 வயது. அப்பா முன்பு திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போயிற்று. ஊருக்கு வந்து தேங்காய்க் களத்தில் கொப்பரை வேலைக்குப் போனார். இன்றும் அதே வேலைதான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும்.

பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஓவர்லாக் டைலராகப் போனான். ஷிப்டுக்கு 500 ரூபாய். தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் மாதம் 19,000 வரை வரும். போட்டி இருக்கிற வாரத்தில் ஒரு ஷிப்டோடு மைதானத்துக்கு ஓடிவந்துவிடுவான். அந்த வாரச் சம்பளம் குறைவதைப் பற்றி அவன் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல கால் அவனுக்கு. போனஸ் கோட்டைத் தொட்ட வேகத்திலேயே கார்னரில் நிற்பவனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடுக்கோட்டுக்கு வந்துவிடுவான். மாவட்ட அணிக்கு இரண்டு முறை ஆடியிருக்கிறான்.

2014-இல் புரோ கபடி தொடங்கியதிலிருந்து, அதிலும் 2017-இல் தமிழ் தலைவாஸ் வந்த பிறகு, எங்கள் பக்கம் ஒவ்வொரு ஊர் மைதானத்திலும் நாலு பையன்களுக்கு அந்தக் கனவு உண்டு. இவனுக்கும் இருந்தது. 2021-இல் ஒரு நோம்பிப் போட்டியில் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பணம் இல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டே நாளை ஓட்டினான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு இரண்டு முறை எழுதிப் போட்டும் கிடைக்கவில்லை. ஆட்டம் இன்னும் எத்தனை வருடத்துக்கு என்று அவனுக்குத் தெரிந்துவிட்ட நேரத்தில்தான் அந்த ஏஜெண்டு வந்தார்.

## இது எங்கும் நடப்பதுதான்

விளையாட்டு வீரர்கள் போன இடத்திலேயே தங்கிவிடுவது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போயிருந்த ஹங்கேரி அணியில் பலர், தங்கள் நாட்டுக்குள் சோவியத் படை நுழைந்துவிட்டதால் திரும்பிப் போகவில்லை. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவரத்திலோவா 1975-இல் அமெரிக்காவிலேயே அடைக்கலம் கேட்டார். 2012-இல் உகாண்டாவுக்கு ஆடப் போன எரித்திரியா கால்பந்து அணியினர் அணியாகவே மறைந்து புகலிடம் கேட்டார்கள். திரும்பிப் போனால் காலவரையற்ற கட்டாய ராணுவ சேவை காத்திருந்தது. இவர்களைக் கள்ளக் குடியேறிகள் என்று சொல்ல என் நாக்கு வராது.

இன்னொரு வகையும் உண்டு. 2004 செப்டம்பரில் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சிற்றூருக்கு இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று 23 பேர் வந்து இறங்கினார்கள். உள்ளூர் அணிகளோடு ஆடித் தோற்றார்கள். ஒருநாள் காலையில் ஒருவரையும் காணோம். விசாரித்தபோது இலங்கையில் அப்படி ஒரு தேசிய அணியே கிடையாது என்று தெரியவந்தது. 2022-இல், இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த நேரத்தில், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போன இலங்கைக் குழுவிலிருந்து பத்துப் பேர் காணாமல் போனதாகச் செய்தி வந்தது. முதலில் மூன்று பேர் மறைந்ததுமே மற்றவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் போயிருக்கிறார்கள்.

அந்தச் செய்தி ஆகஸ்டில் வந்தது. நான் கடிதம் கொடுத்தது ஜூனில். இரண்டு மாதம் முன்னால் அதைப் படித்திருந்தால் யோசித்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் செய்தியைப் படித்த அன்றுகூட எங்கள் பையன் நினைவு எனக்கு வரவில்லை. அது வேறு யாரோ ஊரார் கதை என்றுதான் பட்டது.

## கையெழுத்து

ஏஜெண்டு பழைய ஆட்டக்காரர். கோவையில் ஒரு மாடி அறையில் ஆபீஸ். இத்தாலியில் குடியேறியிருக்கும் பஞ்சாபிகள் நடத்தும் போட்டிக்கு 14 பேர் அணி போகிறது. ஐந்து பேர் கொங்குப் பக்கம், மற்றவர்கள் வடக்கே. ஆடிவிட்டு வர விருப்பமிருந்தால் வரலாம், 'அங்கேயே ஒரு வழி' வேண்டும் என்றால் அதுவும் செய்து தரலாம் என்றார். மொத்தம் 9 லட்சம். ஏழு லட்சத்தை இங்கேயே கட்டவேண்டும். மீதி இரண்டு லட்சத்தை அங்கே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

'அங்கேயே ஒரு வழி' என்ற பேச்சு என் காதுக்கு வரவில்லை. பெற்றோரிடம் பேசியது அது. என்னிடம் பேசியது போட்டியைப் பற்றி மட்டும்.

குழுவின் லெட்டர்பேடில் நான் எழுதிக் கொடுத்தவற்றில் ஒரு வரி பொய். மாவட்ட அளவில் ஆடியவனை 'மாநில அளவிலான வீரர்' என்று எழுதினேன். "சும்மா ஒரு வெயிட்டுக்குங்க சார், இல்லீனா விசாக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றார் ஏஜெண்டு. பையன் பக்கத்தில் நின்றான். ஆறு வருடம் என் கையில் பழகிய பையன், காலும் போய்விட்டது, ஒருமுறையாவது விமானம் ஏறட்டுமே என்று நினைத்தேன். இரக்கப்பட்டுத்தான் செய்தேன். ஆனால் அழைப்புக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. போட்டியை நடத்துவது யார் என்றும் கேட்கவில்லை.

ஏழு லட்சத்தை இப்படிப் புரட்டினார்கள்: அம்மாவின் ஏழு பவுனை அடகு வைத்து 2 லட்சம், ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து ஒரு லட்சம், மூணு வட்டிக்கு 4 லட்சம். அந்த நாலு லட்சத்துக்கு மட்டும் மாதம் 12,000 வட்டி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

## புறப்படும் முன் கண்ணில் பட்டவை

செப்டம்பரில் எங்கள் மைதானத்தில் ஒரே ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களில் மூன்று பேருக்குக் கபடி தெரியாது. ஒருவர் பேண்ட் சட்டையோடு உள்ளே இறங்கி, ரைடு வந்தவனின் பனியனைப் பிடித்து இழுத்தார். அவருடைய உள்ளங்கை என் நினைவில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. விவசாயி என்று பார்த்த உடனே தெரிந்தது. நான் ஏஜெண்டிடம் கேட்டேன். "சப்ஸ்டிட்யூட்டுங்க" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

விசா 15 நாளுக்கு. ஓட்டல் பதிவு மூன்று இரவுக்கு.

இன்னொன்றை அம்மா பிறகுதான் சொன்னார். பையன் கிளம்பிய மறுநாள் வீடு கூட்டும்போது அட்டாலியில் அவனுடைய மேட் ஷூ இருந்திருக்கிறது. மேட்டில் ஆடுவதற்கென்றே குழுவில் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த ஷூ, பழைய தினத்தாளில் சுற்றி வைத்திருந்தது. ராகி மாவு, பருப்புப் பொடி, இரண்டு ஸ்வெட்டர், முழங்கால் கட்டு எல்லாம் எடுத்துப் போனவன் ஷூவை மட்டும் விட்டுப் போயிருக்கிறான். அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டார். "தெரிஞ்சேதானுங்க சார் தாட்டி உட்டோம்" என்று பின்னால் என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை.

## அங்கே நடந்தது

இது பையன் சொன்னதைக் கேட்டு எழுதுவது. தேதிகளை அவன் வீட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒரு ஆட்டம் உண்மையாகவே நடந்தது. ஒரு பூங்காவில், புல்தரையில், அங்கே குடியிருக்கும் பஞ்சாபிப் பிள்ளைகளோடு. தோற்றார்கள். நாலாம் நாள் காலையில் ஓட்டல் கணக்கு முடிக்க வேண்டும் என்று சொல்லி மேனேஜர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கினார். வாசலில் இரண்டு வேன் நின்றது. வேன் ஏறிய பிறகு மேனேஜரை அவன் பார்க்கவில்லை.

போய் இறங்கிய இடம் ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டம். பசுமைக்குடில்களும் கிவித் தோட்டங்களும் நிறைந்த சமவெளி. வெகு காலமாகவே அங்கே பஞ்சாபிச் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் பண்ணை வேலை செய்கிறார்கள். இவர்களை ஒரு தகரக் கொட்டகையில் தங்க வைத்தார்கள். ஒன்பது பேருக்கு ஒரு கழிவறை. முதலில் கிவி பறிப்பு, பிறகு குடிலுக்குள் முள்ளங்கி பிடுங்கிக் கட்டுக் கட்டுவது. குனிந்தபடியே பத்து மணி நேரம். அவனுடைய முழங்காலுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கூலி மணிக்கு நாலரை யூரோ. அன்றைய மதிப்பில் 370 ரூபாய். ஓவர்லாக்கில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து 500 வாங்கியவனுக்கு அது பெரிய பணம். கொட்டகை வாடகை, சாப்பாடு, வேன் கூலி, அந்த இரண்டு லட்சத்துக்கான பிடித்தம் எல்லாம் போக டிசம்பரில் 38,000 ரூபாய் அனுப்பினான். ஜனவரியில் 25,000. மழையிலும் குளிரிலும் வேலை நாட்கள் குறைந்தன, பிடித்தம் குறையவில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கூலியே வரவில்லை. கேட்டபோது கங்காணி சொன்னது ஒரே வார்த்தை: "போலீஸ்."

இத்தாலியில் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழில்வாரியாகச் சங்கங்கள் போடும் ஒப்பந்தம்தான் கூலியை நிர்ணயிக்கிறது. அந்தப் பண்ணை வேலைக்கு ஒப்பந்தக் கூலி இவன் வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கூலியைக் கேட்டு 2016 ஏப்ரலில் லத்தீனாவின் பஞ்சாபித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு நகரின் சதுக்கத்தில் கூடினார்கள். அதே ஆண்டின் இறுதியில், கங்காணி வைத்துத் தொழிலாளியைச் சுரண்டுவதைக் குற்றமாக்கி, பண்ணை முதலாளியையும் பொறுப்பாக்கும் 199-ஆம் எண் சட்டம் வந்தது.

இவன் வேலை செய்த பண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார். பஞ்சாபி, பதினைந்து வருடமாக முறையான தாள்களோடு அங்கே இருப்பவர், வேலைநிறுத்தத்தில் நின்றவர். மணிக்கு ஏழு யூரோ வரை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தவரை டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அவர் செய்த வரிசையை இவனுக்குக் கொடுத்தார்கள். "சார், அவர் எடத்துலதான் நான் குனிஞ்சுட்டு இருந்தனுங்க. அவரு எதிர்ல சைக்கிள்ல போவாரு. என்னப் பாத்து ஒரு நாளும் மூஞ்சத் திருப்புனதில்லீங்க" என்றான்.

## அதே மாதங்களில் திருப்பூரில்

இந்தப் பகுதியை இந்த ஆய்வில் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேர்க்காவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

பையன் முள்ளங்கி கட்டிக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், அம்மா வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங், பேக்கிங் இரண்டையும் ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டார்கள். அவர் இருபது பேரைக் கூட்டி வந்தார். பீஸ் ரேட் குறைந்தது. ஒன்றரை ஷிப்டுக்கு வாங்கியதை வாங்க இரவு பத்து வரை நிற்கவேண்டியதாயிற்று. வேனில் எல்லோரும் பேசியது 'வடக்கத்தி ஆளுக வந்து ரேட்டைக் கெடுத்துட்டாங்க' என்றுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் திருப்பூருக்கு வருகிறவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கி வேலை செய்ய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. அவர்களைக் கள்ளக் குடியேறி என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுவது தப்பு. ஆனால் அந்த இருபது பேரில் இருவர், கணவனும் மனைவியும், எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள். போலி ஆதார் வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் போலீஸ் வந்து அழைத்துப் போனபோதுதான் அது தெரிந்தது.

அந்தப் பெண் அம்மாவின் செக்கிங் டேபிளில்தான் நின்றாள். அம்மா கவனித்து வைத்திருந்தது இது: மற்ற வடமாநிலப் பெண்கள் சனிக்கிழமை சம்பளத்தில் கணக்குக் குறைந்தால் சத்தம் போடுவார்கள், தெரிந்த தமிழில் இரண்டு வார்த்தை திட்டவும் செய்வார்கள். இவள் மட்டும் கொடுத்ததை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். பத்து மணி நேரம் நின்று ஏழு மணி நேரக் காசு வாங்கினாள். அவளுடைய ஆதார் அட்டை காண்ட்ராக்டர் பையில் இருந்தது. அவள் வாங்கிய அந்த ரேட்டைக் காட்டித்தான் மற்றவர்களுக்கும் குறைத்திருக்கிறார்கள். "அந்தப் புள்ளையாட்டத்தான் எம்பையன் அங்க நிக்கறான்னு எனக்கு அன்னைக்குத்தானுங்க ஒறச்சுது" என்றார் அம்மா.

வந்தேறிகளால் கூலி குறைகிறதா என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1980-இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் ஏறக்குறைய 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் மயாமியில் தங்கினார்கள். அதனால் அந்த ஊர்க் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று டேவிட் கார்டு 1990-இல் எழுதினார். பள்ளிப்படிப்பை முடிக்காத தொழிலாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் பலத்த அடி விழுந்திருக்கிறது என்று பின்னால் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் லத்தீனாப் பண்ணையிலும் திருப்பூர்ச் செக்கிங் டேபிளிலும் நான் கேட்டறிந்தது ஒன்றேதான். ஆள் கூடுதலாக வந்ததால் மட்டும் ரேட்டு விழவில்லை. வந்தவர்களில் வாய் திறக்க முடியாத ஒருவர் இருந்தார். அவர் வாங்கிய கூலி மற்றவர்களுக்கும் அளவுகோல் ஆயிற்று. அந்தப் பஞ்சாபிப் பெரியவருக்கும் இவன் அம்மாவுக்கும் வேலை பறிபோன வழியும் காசு குறைந்த வழியும் வேறு வேறு அல்ல.

## தொலைபேசி வந்த பிறகு

2023 மார்ச் கடைசியில் ஒரு இரவு பையன் என்னைக் கூப்பிட்டான். வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்றான். முழங்கால் வீங்கி இரண்டு வாரமாக நடக்க முடியவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்கும் கொட்டகை வாடகை ஏறுகிறது. நான் மறுநாளே வீட்டுக்குச் சொன்னேன். அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறியதுதான். கடன் அவர்கள் தலையில் இருக்கும்போது மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசியதில் நாலு வழி தெரிந்தது. கடன் அடையும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு அவன் அங்கேயே இருப்பது. இங்கே ஏஜெண்டு மேல் புகார் கொடுப்பது. அங்கே கங்காணி மேல் புகார் கொடுப்பது. தூதரகத்துக்குப் போய்ச் சரணடைந்து ஊர் வருவது.

அப்பா முதல் வழியில்தான் நின்றார். "வட்டி நிக்காதுங்களே சார்" என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. ஆனால் இரண்டு மாதமாகப் பணமே வரவில்லை, காலும் போய்க்கொண்டிருக்கிறது, அவன் அங்கே இருந்தாலும் வட்டி இங்கே ஏறத்தான் போகிறது என்று எழுதிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

இங்கே புகார் கொடுப்பது என்று ஏப்ரலில் முடிவு செய்தோம். முதலில் போன இடத்தில், 'பையன் விருப்பப்பட்டுத்தானே போனான்' என்று சொல்லி வாங்க மறுத்தார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசு அலுவலகமான, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்த ஏஜெண்டு பதிவு பெற்றவர் அல்ல என்று பதில் வந்தது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவில்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. ஒரு பையனுக்கு ஒன்பது லட்சம் வாங்குகிறவருக்கு அபராத உச்சம் இரண்டாயிரம். இதைத் திருத்தாமல் வைத்திருப்பது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். இந்தப் பிரிவோடு மோசடிக்கான 420-உம் சேர்த்து ஜூலையில் வழக்குப் பதிவானது.

அங்கே புகார் கொடுப்பதில்தான் எனக்கும் பையனுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பஞ்சாபிப் பெரியவர் இவனை ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். அங்கே சொன்னது எங்கள் எல்லோருக்கும் புதுச் செய்தி. தாள் இல்லாதவன் செய்த வேலைக்கும் கூலி பாக்கியை முதலாளி கொடுத்தாகவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதியே அப்படி. குறைந்தது மூன்று மாதம் வேலை செய்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது முதலாளியின் வேலை. கடுமையாகச் சுரண்டப்பட்டவன் புகார் கொடுத்து வழக்குக்கு ஒத்துழைத்தால் தங்குவதற்கான அனுமதியும் கிடைக்க வழி உண்டு. நான் அதைப் பிடித்துக்கொண்டு, புகார் கொடு என்று தினமும் சொன்னேன். அவன் மறுத்தான். கொட்டகையில் இன்னும் நாலு கொங்குப் பையன்கள் இருந்தார்கள். போலீஸ் வந்தால் எல்லோரையும் பிடிக்கும் என்று பயந்தான். ஏஜெண்டின் ஆள் ஒருவர் அவன் வீட்டு வாசலுக்கு வந்துபோனதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மாதக் கூலி பாக்கிக்கு மட்டும் சங்கத்தில் எழுதிக் கொடுத்தான். அன்று அவனைக் கோழை என்று நினைத்தேன். அந்தக் கொட்டகையில் படுத்திருந்தவன் அவன்தான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் ரோமிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனான். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்று ஒன்று கொடுப்பார்கள். ஆள் யார் என்று இங்கே விசாரித்து உறுதி செய்து அது வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் சீக்கியர் கோயிலான குருத்வாராவில் சாப்பிட்டு, பெரியவர் வீட்டு வராந்தாவில் படுத்தான். இதை எழுதும்போது அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

## பின் நடந்தது

2023 நவம்பர் கடைசியில் சென்னை வந்து இறங்கினான். பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தான். சங்கம் வாங்கித் தந்த கூலி பாக்கி 900 யூரோ 2024-இல் வந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஏஜெண்டு முன்ஜாமீன் வாங்கியபோது ஒன்றரை லட்சம் திருப்பிக் கொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நகை ஏலத்துக்குப் போய்விட்டது. பையன் மறுபடி ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கிறான். மூணு வட்டிக் கடனில் அசலே இன்னும் இரண்டே கால் லட்சம் பாக்கி.

கொட்டகையில் இருந்த மற்ற நாலு கொங்குப் பையன்களில் ஒருவன் அவனுக்குப் பின்னால் திரும்பினான். மூவர் அங்கேயே இருக்கிறார்கள். அதில் ஒருவன் வேறு பண்ணைக்கு மாறி, மாதம் 40,000 ரூபாய்க்குக் குறையாமல் அனுப்புகிறான். அவன் வீட்டில் ஓடு போய்த் தார்சு (கான்கிரீட் கூரை) வந்துவிட்டது. ஊரில் அந்த வீட்டைத்தான் காட்டுகிறார்கள். எங்கள் பையனுக்குப் பொறுமை பத்தவில்லை என்று அவன் காதுபடவே சொல்கிறவர்களும் உண்டு. இதை மறைத்துவிட்டு எழுதினால் படிக்கிற எந்தப் பையனும் என்னை நம்பமாட்டான்.

2024 மே மாதம், ஈரோட்டுப் பக்கத்து வீராங்கனை ஒருவருக்கு முறையான அழைப்பு இருந்தும் ஐரோப்பிய விசா மறுக்கப்பட்டது. மறுப்புத் தாளில் டிக் போட்டிருந்த காரணம், விசாக் காலம் முடியும் முன் திரும்பிப் போவார் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்பது. எங்கள் 14 பேரால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தாளை அந்தப் பெண் என்னிடம் நீட்டியபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம், 2024 ஜூனில், லத்தீனாவில் தாள் இல்லாமல் வேலை செய்த பஞ்சாபி இளைஞர் ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் வீட்டு வாசலில் விட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் இறந்துவிட்டார். இத்தாலி முழுக்கக் கொதித்தது. செய்தியைப் பையன்தான் என்னிடம் காட்டினான். "அந்த மாதிரிப் பொட்டியிலதானுங்க சார் நாங்க கட்டு அடுக்குவோம்" என்றான். அவன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து போனை வாங்கி அணைத்து வைத்தார்.

## இன்று என்றால் மாற்றிச் செய்வது

கடிதத்தில் உண்மையை மட்டும் எழுதுவேன். மாவட்டம் என்றால் மாவட்டம். எங்கள் குழுவில் இப்போது செயலாளர் ஒருவரே கையெழுத்திட முடியாது. இரண்டு பேர் போடவேண்டும், அழைப்புக் கடிதத்தின் நகலும் மாநில, தேசியச் சங்கங்களின் அனுமதியும் கோப்பில் இருக்கவேண்டும்.

பெற்றோரை முதலிலேயே தனியாக உட்கார வைத்துப் பேசுவேன். எவ்வளவு பணம், யாரிடம், என்ன வட்டிக்கு என்று கேட்பேன். போட்டிக்குப் போகிறவன் ஏழு லட்சம் எதற்குக் கட்டவேண்டும் என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும். அது என் வேலை இல்லை என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. கையெழுத்துகூட அதற்கு அடுத்ததுதான்.

வேலைக்குத்தான் போகிறான் என்றால் வேலைக்கென்றே போகட்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டின் பதிவு எண்ணைப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மேனேஜரோ முதலாளியோ அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. இதை ஆட்டத்தின் விதியைச் சொல்லித்தருவது போலப் பதினைந்து வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்கிறோம். அந்தப் படம் இருந்திருந்தால் அவசரச் சான்றுக்கு ஐந்து மாதம் ஆகியிருக்காது.

புகார் கொடு என்று தூரத்திலிருந்து நெருக்கமாட்டேன். என்ன வழி இருக்கிறது என்று சொல்லுவேன், யாரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லுவேன். முடிவு அவனுடையது.

கம்பெனி விஷயத்தில் என் கைக்கு எட்டுவது குறைவு. அந்த வங்கதேசத் தம்பதி என்ன ஆனார்கள் என்று அம்மா இரண்டு முறை விசாரித்தார்; யாரும் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் மாறவில்லை. பீஸ் ரேட் பழையபடி ஏறவும் இல்லை.

பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வருகிறான். ஆடுவதில்லை, பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கு ரைடு சொல்லிக்கொடுக்கிறான். போன மாதம் அவர்களில் ஒருவனின் அப்பா வீட்டுக்கு வந்து, மூத்த மகன் போலந்துக்கு ஒரு அணியோடு போகப் போகிறான், குழு லெட்டர்பேடில் ஒரு கடிதம் வேண்டும் என்றார். அழைப்புக் கடிதத்தோடு பையனையும் கூட்டி வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்றேன். சரீங்க என்று போனவர் இன்னும் வரவில்லை. இந்த ஞாயிறு நானே அவர் வீட்டுக்குப் போகிறேன்.